ஜப்பான் பாசை நாலு மாதப் படிப்பா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல் முடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

பெறுபேறு வந்த நாளிலிருந்து புதுக்குடியிருப்புச் சந்தியிலும் பாடசாலை வாசலிலும் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சேர், ஜப்பானுக்குப் போக எத்தனை மாதம் பாசை படிக்க வேணும்?" முன்பு கட்டார், சவூதி என்று கேட்டவர்கள் இப்போது ஜப்பான் என்கிறார்கள்.

கேட்பதில் பிழை இல்லை. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேரளவில் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியோரைப் பராமரிக்கவும், தோட்டம் செய்யவும், கட்டடம் கட்டவும் அங்கே ஆள் போதாது. அதனால் 2019 ஏப்ரலில் 'குறித்த திறன் கொண்ட தொழிலாளர்' என்ற புதிய விசாவைத் தொடங்கினார்கள். அதே வருடம் இலங்கையும் உடன்படிக்கை செய்தது. அதற்கு ஒரு தொழில் திறன் பரீட்சையும் ஒரு மொழிப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். ஜே.எல்.பி.டி என்ற ஜப்பான் மொழிப் பரீட்சையில் ஐந்து நிலைகள் உண்டு. என்5 ஆகக் கீழே, என்1 ஆக மேலே. விசாவுக்கு என்4 போதும், அல்லது அதற்கு ஈடான இன்னொரு பரீட்சை.

'நாலு மாதத்தில் என்4' என்று மதிலில் ஒட்டுகிற விளம்பரங்கள் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. என்4 எடுத்தவர் வாசல்படியில் நிற்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்து பேசுவதற்கு இன்னும் நிறையப் படிக்க வேண்டும்.

நான் ஜப்பான் மொழி ஆசிரியர் இல்லை. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்த தமிழ் ஆசிரியர். இரண்டு வருடத்துக்கு முன் ஏ.எல் கலைப்பிரிவுப் பிள்ளைகள் மூன்று பேர் 'இரொதோரி' என்ற பாடநூலைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஜப்பான் பவுண்டேசன் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிற புத்தகம் அது. விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். "சேர், இலக்கணம் விளங்கேல்லை" என்றார்கள். பிள்ளைகளோடு நானும் இருந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது கிழமையே எனக்கு ஆச்சரியம் பிடித்துவிட்டது.

'வதாஷி வா கக்கோ நி இகிமஸ்.' வதாஷி என்றால் நான். கக்கோ என்றால் பள்ளிக்கூடம். 'நி' எங்கள் 'கு' உருபு. இகிமஸ் என்றால் போகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். சொற்களின் ஒழுங்கு அப்படியே தமிழ். வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. கேள்வியாக்க வேண்டுமென்றால் கடைசியில் ஒரு 'கா' போட்டால் சரி. நாங்கள் 'போகிறீர்களா' என்று 'ஆ' போடுவது போல.

இன்னொன்று. கொரே, சொரே, அரே, தொரே. கொரே என்றால் எனக்குக் கிட்ட இருப்பது. சொரே என்றால் உங்களுக்குக் கிட்ட இருப்பது. அரே என்றால் இருவருக்கும் தூரத்தில் இருப்பது. தொரே என்பது கேள்வி. சொரேயை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பந்தி எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல் போதும்: இது, உது, அது, எது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உது' போய்விட்டது. வன்னியில் இன்னும் ஆச்சிமார் "உதை எடு மோனை" என்கிறார்கள். கரும்பலகையில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது, விளங்கிய சிரிப்பு.

'தபேதே மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. 'மொத்தே குரு' என்றால் 'கொண்டு வா'. காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ஜப்பான்காரர் 'இத்தே கிமஸ்' என்பார். போயிட்டு வாறன். வீட்டிலிருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்பார். போயிட்டு வாங்கோ. 'போறன்' என்று மட்டும் சொல்லக்கூடாது என்று எங்களை வளர்த்தது போலவே அங்கேயும் ஒரு பழக்கம். போயிட்டு வாறன் என்று சொன்னவர்கள் வராமல் போன ஊர் இது. அந்தச் சொல்லின் பாரத்தை இங்கே ஒரு பிள்ளைக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

இந்த ஒற்றுமையை முதலில் கண்டவர்கள் நாங்கள் இல்லை. ஜப்பானின் பெரிய மொழியறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் ஆராய்ந்து எழுதினார். 2008இல் காலமானார். அவருடன் சேர்ந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவரது துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மொழியும் ஒரு தாயின் பிள்ளைகள் என்பதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும் இதே மாதிரி வினை கடைசியில்தான் வருகிறது. எனவே முகப்புத்தகத்தில் 'ஜப்பான்காரர் பேசுவது தமிழ்தான்' என்று வருவதைப் பகிராதீர்கள். உறவு இருக்கிறதோ இல்லையோ, தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்தப் பாசை பாதி தூரம் இறங்கி வருகிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

மற்றப் பாதி கடினம், அதையும் மறைக்கவில்லை. ஹிரகானா 46, கதகானா 46 எழுத்து. இவை ஒரு மாத வேலை. அதன் பிறகு கஞ்சி. நோன்புக் கஞ்சி இல்லை, சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்து. பொதுப் பாவனைக்கென்று அரசாங்கம் வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. ஆனால் அதிலும் ஒரு ருசி இருக்கிறது. மரம் ஒரு எழுத்து. அதை இரண்டு தரம் பக்கத்தில் எழுதினால் தோப்பு. மூன்றாக எழுதினால் காடு. மரத்தோடு மனிதனைச் சாய்த்து எழுதினால் ஓய்வு. வன்னிப் பிள்ளைக்கு மறக்குமா?

பண்பாடு தெரியாமல் பாசை மட்டும் படித்தால் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 'தைஜோபு தேஸ்' என்றால் 'பரவாயில்லை'. பராமரிப்பு இல்லத்தில் ஒரு ஆச்சியிடம் "தண்ணி வேணுமா" என்று கேட்கிறீர்கள், அவர் 'தைஜோபு' என்கிறார். வேணுமா, வேண்டாமா? பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். சிலவேளை வேணும், ஆனால் உங்களுக்குக் கரைச்சல் தர விருப்பமில்லை என்றும் அர்த்தம். எங்கள் வீட்டு வயோதிபர்களும் இப்படித்தானே? "தேத்தண்ணி ஊத்தவா?" "பரவாயில்லை பிள்ளை." அந்த ஆச்சியின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள நாலு மாதப் புத்தகத்தில் பாடம் கிடையாது.

எங்கள் ஊருக்கு ஜப்பான் தூரத்து நாடும் இல்லை. வடக்கில் மிதிவெடி அகற்றிய இடங்களில் ஜப்பான் கொடி போட்ட பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டின் உதவிப் பணமும் அந்த வேலையில் இருந்தது. ஒருநாள் வகுப்பில் ஹிரோஷிமா பற்றிப் பேசினோம். குண்டு விழும்போது இரண்டு வயதாக இருந்த சடாக்கோ சசாக்கி என்ற பிள்ளை, 1955இல் 12 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தது. வைத்தியசாலையில் கடதாசிக் கொக்குகள் மடித்துக்கொண்டிருந்த பிள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்து 1958இல் அங்கே ஒரு சிலை எழுப்பினார்கள். "பிள்ளைகளே சேர்த்து வைச்சதா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 2009இல் கைக்குழந்தையாகத் தகப்பனை இழந்தவள் அவள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பிள்ளையின் தாயார்தான் போன மாதம் வந்தார். ஒரு பயிற்சி நிலையம் பயிற்சிக்கும் விசாவுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் கேட்கிறதாம். காணி உறுதியை வைத்துக் காசு எடுக்கலாமா என்று கேட்டார். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து மீட்ட காணி. எனக்கும் காணியின் அருமை தெரியும். 1990இல் எங்கள் குடும்பங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஒன்று. காசு கட்டுவதற்கு முன் அந்த நிறுவனம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததா, அனுமதிப்பத்திரம் இப்போதும் செல்லுமா என்று பணியகத்திடமே கேளுங்கள். நிலையத்தார் காட்டும் பிரதியை நம்பாதீர்கள்.

இரண்டு. முதல் வகை விசாவில் ஆகக் கூடியது ஐந்து வருடம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

மூன்று. ஏ.எல் கலைப்பிரிவில் ஜப்பான் மொழி ஒரு பாடமாகவே இருக்கிறது. எங்கள் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. களனிப் பல்கலைக்கழகத்தில் அதைப் பட்டப்படிப்பாகத் தொடரலாம். பிறகு மொழிபெயர்ப்பு, சுற்றுலா, ஜப்பான் கம்பனிகள், ஆசிரியத் தொழில் என்று வழிகள் இருக்கின்றன. மற்றப் பாடங்களில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஜப்பான் அரசாங்கத்தின் 'மெக்ஸ்ட்' புலமைப்பரிசில் உண்டு. கட்டணம், விமானச் சீட்டு, மாதக் கொடுப்பனவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகம் விண்ணப்பம் கோரும். போட்டி கடுமை, ஆனால் காணி உறுதி தேவையில்லை.

முல்லைத்தீவு, நீராவிப்பிட்டிப் பக்கத்து எங்கள் ஆட்கள் தனியாகக் கேட்பது: "அங்க தொழுகைக்கு, ஹலால் சாப்பாட்டுக்கு என்ன வழி?" ஜப்பானின் முதல் பள்ளிவாசல் கோபே நகரில் 1935இல் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சிலும் 1995 பூமியதிர்ச்சியிலும் நகரம் நொருங்கியபோது அது நின்றது, இன்றும் தொழுகை நடக்கிறது. பெரிய நகரங்களில் ஹலால் கடைகள் உண்டு. ஆனால் கிராமத்து வேலைத்தளத்தில் சாப்பாட்டுப் பொதியின் பின்னால் எழுதியிருப்பதை நீங்கள்தான் வாசிக்க வேண்டும். அதற்கும் மேல்நிலைப் பாசைதான் வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். எங்கள் பக்கத்தில் இந்தப் பாடத்தை ஏ.எல் தரத்தில் படிப்பிக்கும் ஆசிரியரை நான் இன்னும் காணவில்லை. நான் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பவன், அதற்கு மேல் கொண்டுபோக என்னால் முடியாது. வருகிற வருடம் இதை எடுக்க நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். ஜப்பானில் இருக்கிற எங்கள் ஊர் உறவுகள், களனியில் படித்தவர்கள் யாராவது சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் இணையம் வழியாகப் படிப்பித்தால் பெரிய உதவி. வகுப்பறை, பிள்ளைகள், கரும்பலகை என் பொறுப்பு. பெற்றோர்களே, வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதியிருக்கிறேன். பாடசாலைக்கு வந்து கையெழுத்து வையுங்கள்.

அந்தத் தாயார் உறுதியை இன்னும் வைக்கவில்லை. வகுப்பு நடக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், நடக்கும்.

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.