வழியில் கெட்ட இரசம்

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்துபோன குறையைக் கண்ட அன்னை மரியா அதை மறைக்கவில்லை. உடனே தம் மகனிடம் எடுத்துச் சொன்னார். அந்நற்செய்தி வாசிக்கப்படும்போதெல்லாம் எமரால்டு மலைச்சரிவிலுள்ள ஒரு சிற்றாலயமும், நாம் சொல்லாமல் மறைத்த ஒரு குறையும் நம் நினைவுக்கு வரும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வாலயத்திற்குத் திருப்பலி இரசம் வாங்கிவரும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. ஒரு மே மாதத்தில், சமவெளியிலுள்ள துறவற இல்லம் ஒன்றில் ஆறு புட்டிகளைப் பெற்று, அட்டைப் பெட்டியில் நிறுத்தி, பேருந்தில் ஓட்டுநர் பக்கத்து என்ஜின் மூடியின்மேல் வைத்தோம். உடையக்கூடாது, களவு போகக்கூடாது. அவ்வளவே அன்றைய நம் கவலை. மேட்டுப்பாளையம் வரை கொளுத்தும் வெயில். அப்பால் குன்னூர் மலைப்பாதை. உதகையில் வண்டி மாறி, முத்தோரை பாலாடா வழியே எமரால்டு வந்து சேர்ந்தோம். பெட்டியைத் திறந்தபோது ஒரு புட்டியின் தக்கை நெல்மணியளவு மேலெழும்பியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. கட்டைவிரலால் தக்கையை உள்ளே அழுத்தினோம், துணியால் துடைத்தோம். பங்குத்தந்தையிடம் சொல்லவில்லை.

அப்புட்டி அலமாரியில் ஆறு மாதம் நின்றது. நவம்பர் 2 வந்தது. அச்சிற்றாலயத்தின் மக்களில் பெரும்பாலோர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தேயிலைத் தொழிலாளர்கள். அவர்தம் பெற்றோரின் கல்லறைகள் கடலுக்கு அப்பால், கண்டிச் சீமைத் தோட்டங்களில் கிடக்கின்றன. அங்கே சென்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வழியில்லாத அவர்களுக்கு, இறந்த விசுவாசிகளுக்காக ஒப்புக்கொடுக்கப்படும் அன்றைய திருப்பலி ஒன்றே கல்லறைத் தரிசனம். கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி வந்து காத்திருந்தார்கள். குருவானவர் புட்டியைத் திறந்து முகர்ந்தார். ஒரு துளி நாவில் வைத்தார். "இது காடி" என்றார். மீதமிருந்தது அந்த ஒரு புட்டிதான். வேறு கொண்டுவர இயலாதபடி மண்சரிவு சாலையை அடைத்திருந்தது. அன்று இறைவார்த்தை வழிபாடு மட்டுமே நடந்தது.

தலைகுனிந்து நின்ற நம்மிடம் முதிய தாயொருவர் வந்தார். "விடுங்க தம்பி. நம்ம ஆளுங்க இருபது வருசமா அங்க காத்துக்கிட்டுக் கெடக்குறாங்க. இன்னும் ரெண்டு நாளு காத்திருக்க மாட்டாங்களா?" என்றார். ஆறுதலாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அது நம்மைச் சுட்டது.

பின்னாளில்தான் அந்தப் புட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தோம். வெப்பத்தில் இரசம் விரிவடைந்து தக்கையைத் தள்ளுகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிடுகிறது. மலையேறும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் தலையணைபோல் உப்புவது இதனால்தான். புட்டிக்குள் அடைபட்ட காற்றும் அவ்வாறே தக்கையை உந்துகிறது. பின்பு குளிர்ந்த இரசம் சுருங்கும்போது, தளர்ந்த தக்கையின் ஓரமாய் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. இரசத்தின் நோய்களுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1866இல் லூயி பாஸ்டர் தம் நூலில் விளக்கினார். அவற்றுள் ஒருவகைக்குக் காற்று கிடைத்தால் போதும். சாராயச் சத்தை அது காடியாக்கிவிடும். கேடு நுழைந்தது ஒரு நாளில். வெளிப்பட்டதோ ஆறு மாதம் கழித்து, பீடத்தருகில்.

இரசத்தைக் கெடாமல் கொண்டுசேர்ப்பது மிகப் பழைய கவலை. யவனர் நன்கலங்களில் கொணர்ந்த நறுமண மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அத்தகைய சாடிகளின் உட்புறத்தில் பிசின் பூசி, வாயை இறுக அடைத்தே கப்பலேற்றினார்கள். திருச்சபையும் இக்கவலையை அறிந்தது. எளிதில் கெடக்கூடிய இரசத்தில் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்த்து, மொத்தச் சாராய அளவு 18 சதவீதத்தைத் தாண்டாதபடி காக்கலாம் என உரோமை 1896இல் இசைவளித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதி, இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அது புளித்துப்போகாதபடி கருத்தாய்ப் பேணவேண்டும் என்று 2004இல் வெளியான திருவழிபாட்டு அறிவுறுத்தலும் வலியுறுத்துகிறது.

இன்று பெரும் வணிகர்கள் குளிரூட்டிய பெட்டகங்களில், வழிநெடுக வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் கருவியோடு இரசத்தை அனுப்புகிறார்கள். நமக்கு அவ்வசதி இல்லை. ஆனால் எளிய வழிகள் உண்டு. கோடையில் பகல் பயணத்தைத் தவிர்த்து, விடியலிலோ இரவிலோ புறப்படுகிறோம். தெர்மாகோல் பெட்டியில் வைக்கோல் பரப்பி, புட்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் படுக்கவைக்கிறோம். தக்கை நனைந்திருந்தால் உலர்ந்து சுருங்காது. பெட்டியின்மேல் ஈரச்சாக்கு. என்ஜின் பக்கமும் வேண்டாம், வெயில்படும் சன்னலோரமும் வேண்டாம். வந்து சேர்ந்ததும் இருட்டான, குளிர்ந்த இடத்தில் சில நாள் அசையாமல் கிடக்கவிடுகிறோம். திறந்த புட்டியில் மிஞ்சுவதைச் சிறு புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடுகிறோம். காற்றுக்கு இடம் குறைந்தால் கேடும் குறையும்.

இவையெல்லாம் கைக்கு எளியவை. நமக்குக் கடினமாயிருந்தது வேறொன்று. தோட்டத்தில் கொடியைப் பேணியவனும் ஆலையில் கனியைப் பிழிந்தவனும் தம் கடமையைச் செவ்வனே செய்திருந்தார்கள். இடையில் சுமந்து வந்த நாமோ, கண்ட குறையைக் கட்டைவிரலால் மூடினோம். அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு புட்டி வந்திருக்கும். அம்மக்கள் வெறுமையாய்த் திரும்பியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொண்டுசேர்க்கும் பெற்றோராகவும் நாம் சில தக்கைகளை இப்படித்தான் அழுத்தி மூடியிருக்கிறோமோ என்று எண்ணிப் பார்க்கிறோம்.

சென்ற கோடையில் வந்த பெட்டியிலும் ஒரு தக்கை சற்றே உயர்ந்திருந்தது. புட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே பங்குத்தந்தையிடம் சென்றோம். "சாமி, இது வழியில் சூடுபட்டிருக்கிறது" என்றோம். அவர் அதை வாங்கிச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, வேறொன்றை எடுத்துவைத்தார்.