ஒற்றைக் காசு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எங்கே அஸ்திவாரம் தோண்டினாலும் கூடவே ஒரு புதையல் கதையும் கிளம்பிவிடும். ஜேசிபி மண் அள்ளும்போது பானை உடைந்ததாம், உள்ளே தங்கக் காசாம், பார்த்தது வெளியூர்க் கூலியாட்கள் இரண்டே பேராம். பாதி விலைக்குத் தருகிறார்களாம். நம்பிக்கை வருவதற்காக முதலில் ஒரே ஒரு காசைக் கையில் கொடுப்பார்கள். எந்தக் கடையில் உரசினாலும் அது அசல் தங்கம். பிறகு பணத்தைக் கொடுத்து வாங்கி வரும் பையில் இருப்பதெல்லாம் பித்தளை.

கதை இந்த மண்ணுக்குப் பொருந்திப் போவதுதான் சங்கடம். இதே மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், நாணயச்சாலையும் வைத்திருந்தார்கள். வராகன் புழங்கிய மண்ணில் ஒரு பானை வராகன் கிடைக்காதா என்று யாருக்கும் தோன்றும்.

கிடைக்கவும் செய்கிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் குழி தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் இருந்தன. மொத்த எடை 1,716 கிராம். செய்தியைப் படித்ததும் வகுத்துப் பார்த்தேன். சராசரியாகக் காசுக்கு 3.4 கிராம் வந்தது. வராகனின் எடையும் ஏறக்குறைய அதுதான். அங்கே ஒரு காசுக்கு மற்றக் காசுகள் சாட்சி. டீக்கடையில் நீட்டப்படும் ஒற்றைக் காசுக்கு அப்படிச் சாட்சி சொல்ல யாரும் கிடையாது.

எனக்கு இரும்பு உருக்கும் ஆலையொன்றில் லேப் வேலை. உலையிலிருந்து எடுத்த சாம்பிளை ஸ்பெக்ட்ரோவில் வைத்தால் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன்பு, கலவை இன்னதென்று தெரிந்த ஸ்டாண்டர்ட் சாம்பிளை வைத்து மெஷினைச் சரிபார்க்க வேண்டும். ஆசாரியின் உரைகல்லும் அப்படித்தான். சந்தேகப் பொருளை ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டு கோட்டின் நிறத்தையும் பார்ப்பார். திராவகம் விட்டு எது எவ்வளவு தாங்குகிறது என்றும் பார்ப்பார். கல் தானாக எதையும் சொல்வதில்லை.

எங்கள் ரோலிங் மில் ஃபிட்டர் ஒருநாள் ஒரு பவுன் காசோடு லேபுக்கு வந்தார். ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரைவீரன், கீழே 1918. உச்சியில் கண்ணியைப் பொடி வைத்து ஊதிய தடம்.

"எங்க ஆயா காசுமாலைல இருந்ததுண்ணா. அடகுக் கடையில தங்கம்னு சொல்றாங்க. பழைய காசு வாங்குறவரு டூப்ளிகேட்னு சொல்றாரு. யாரண்ணா பொய் சொல்றது?"

தராசில் வைத்தோம்: 7.96 கிராம். சவரனின் எடை 7.98. நூறு வருஷத் தேய்மானத்துக்கு இந்த வித்தியாசம் சரிதான். பிறகு ஒரு பீக்கரில் தண்ணீரைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் முழுக்கினேன். தராசு 0.45 காட்டியது. காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. வகுத்தால் 17.7, இருபத்திரண்டு காரட்டுக்கு ஏறக்குறைய வரவேண்டிய கணக்கு. இதே எடையில் பித்தளையாக இருந்தால் 0.94 வரை ஏறியிருக்கும். தங்கம் சோதிக்கும் எக்ஸ்ரே மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும். தண்ணீருக்கு உள்ளிருப்பதும் தெரியும்.

ஆக, தங்கம் தங்கம்தான். அடுத்து லென்ஸை எடுத்தேன். குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே ஒரு தரைக்கோடு உண்டு. 1918இல் லண்டன் நாணயச்சாலையில் சவரன் அடிக்கவில்லை. அந்த வருஷம் அடித்தவை பம்பாய், சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா சாலைகள். ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் தன் எழுத்தைப் பொறித்தது, பம்பாய்க்கு 'ஐ'. இந்தக் காசில் எழுத்தே இல்லை. தேய்ந்திருக்குமோ என்றால், பக்கத்தில் குதிரையின் பிடரிமயிர் கூர்மையாகவே இருக்கிறது.

அதே மாலையின் இன்னொரு காசு அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் விஷயம் வெளுத்தது. மன்னரின் காதுக்குப் பின்னால், ஒரே இடத்தில், ஒரே அளவில், கடுகளவு மேடு. தனித்தனியாகப் பட்ட அடி இப்படி ஒத்துப்போகாது. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. மேடு அந்த அச்சின் குறை.

"அப்ப ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் ஃபிட்டர். ஆமாம். கடைக்காரர் உலோகத்துக்குப் பதில் சொன்னார்; மற்றவர் நாணயத்துக்கு. காசுமாலைக்கென்று எந்த ஆசாரியோ முழு மாற்றில் செய்து தந்த காசு அது. இது நம்மூர் விஷயம் மட்டும் இல்லை. இத்தாலியிலும் லெபனானிலும் நல்ல தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்துத் தள்ளினார்கள். அவற்றைச் சமாளிக்கத்தான் 1957இல் பிரிட்டிஷ் நாணயச்சாலை மறுபடி சவரன் அடிக்கத் தொடங்கியது. ஃபிட்டரின் காசுக்கு அன்றைய தங்க விலை முழுசாகக் கிடைக்கும்; பழமைக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பானைக் காசு விற்க வருபவன் தவறாமல் ஒன்று சொல்வான்: "வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." வாங்குபவரும் சொல்லமாட்டார். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவருக்கும் அரைகுறையாகத் தெரியும். அந்தப் பயத்தில்தான் அவர் காசை நாலு பேரிடம் காட்டுவதில்லை, பையிலிருந்து தன் கையால் இன்னொன்றை எடுத்து ஒப்பிடுவதுமில்லை. பித்தளை விலைபோவது அதனால்தான். காசு மெய்யானால் அதைக் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். பொய்யானால் கொடுத்த பணம் போச்சு. இரண்டில் எதுவானாலும் வாங்குபவருக்கு லாபமில்லை என்பதைக் கண்டுபிடிக்க உரைகல் தேவைப்படாது.