/பின்னா, /எஸ்பின்னா? லினக்ஸ்காரங்களோட தீராத பஞ்சாயத்து

லினக்ஸ் பயன்படுத்துறவங்க மத்தியில ஒரு பழைய பஞ்சாயத்து இருக்கு மக்களே. கம்ப்யூட்டரோட அடிப்படை புரோகிராம்களை எந்த ஃபோல்டர்ல வைக்கிறது? கேட்டா சிரிப்பு வரும். ஆனா இதுக்காக பத்து வருஷத்துக்கு மேல மாத்தி மாத்தி வாதம் பண்ணியிருக்காங்க. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? நடுவுல சொல்றேன். இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பழைய லினக்ஸ்ல புரோகிராமுக்கு நாலு இடம். /பின், /எஸ்பின், /யுஎஸ்ஆர்/பின், /யுஎஸ்ஆர்/எஸ்பின். (பின்னாடி இருக்கிறதால "பின்" இல்லை, பைனரிங்கிறதோட சுருக்கம்.) மெஷின் எழுந்து உக்காரத் தேவையான சாமான் /பின்ல. மத்ததெல்லாம் /யுஎஸ்ஆர்/பின்ல. அட்மின் மட்டும் தொடுற சாமான் எஸ்பின்கள்ல. அழகான ஏற்பாடு மாதிரி தெரியுதுல்ல?

யாரும் உக்காந்து யோசிச்சு செஞ்ச ஏற்பாடு இல்லை அது. 1970-களோட தொடக்கத்துல பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்துக்கிட்டு இருந்தப்போ, முதல் டிஸ்க்ல இடம் பத்தலை. இன்னைக்கு நம்ம போன்ல எடுக்கிற ஒரு போட்டோ அளவுக்குத்தான் அந்தக் கால டிஸ்க்கே இருந்துச்சு. மிச்ச புரோகிராமை ரெண்டாவது டிஸ்க்ல போட்டாங்க. அந்த ரெண்டாவது டிஸ்க் யூசர்களோட ஃபைல்களுக்காக வெச்சது. அதான் பேரு யுஎஸ்ஆர். அப்புறம் யூசர்கள் வேற இடத்துக்குக் குடிபோயிட்டாங்க, பேரு மட்டும் தங்கிடுச்சு. "யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்"னு சிலர் விரிவு சொல்லுவாங்க, அது பிற்பாடு ஒட்டவெச்சது.

உடற்கூறு படிச்சவங்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. நம்ம குரல்வளைக்குப் போற இடது பக்க நரம்பு, மூளையில இருந்து நேரா தொண்டைக்குப் போகாது. நெஞ்சு வரைக்கும் இறங்கி, மகாதமனியை ஒரு சுத்து சுத்தி, மறுபடி மேல ஏறித்தான் குரல்வளைக்கு வரும். நம்ம மீன் மூதாதைகளுக்குக் கழுத்தே கிடையாது, அதனால அப்போ அது நேர்வழி. கழுத்து நீண்டு இதயம் கீழ இறங்கினப்போ நரம்பும் இழுபட்டுடுச்சு. வாரக்கணக்குல குரல் கம்மினவங்களுக்கு நாங்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்றது இதனாலதான். நுரையீரல் கட்டி அந்த நரம்பை நெஞ்சுக்குள்ள அழுத்தலாம். பழைய அமைப்பு சும்மா கிடக்காது, ஒருநாள் நோயா வந்து நிக்கும்.

எங்க கிளினிக்ல அது வந்து நின்ன கதை இது. நோயாளிகளோட சர்க்கரை அளவு, மருந்து விவரம் எல்லாம் ஒரு லினக்ஸ் மெஷின்ல இருக்கு. ராத்திரி தானா பேக்கப் ஓடணும். செட் பண்ணிக் கொடுத்த தம்பி கையால ஓட்டிக் காட்டினார், அருமையா ஓடுச்சு. ராத்திரி தானா ஓடுறப்போ மட்டும் பேக்கப் விழலை. காரணம் என்னன்னா, டிஸ்க் செருகியிருக்கான்னு பாக்குற கமாண்ட் எஸ்பின்ல இருக்கு. ராத்திரி வேலைகளை ஓட்டுற புரோகிராமோ ரெண்டு பின்கள்லயும்தான் தேடும், எஸ்பின் பக்கம் எட்டியே பாக்காது. கமாண்ட் கிடைக்கலை, ஸ்கிரிப்ட் "டிஸ்க் இல்லை"ன்னு தானா முடிவு பண்ணிட்டு அமைதியா படுத்துடுச்சு. டிஸ்க் என்னவோ செருகினபடியேதான் இருந்துச்சு. அந்த நாட்கள்ல மெஷின் செத்திருந்தா, யாருக்கு எந்த இன்சுலின் எத்தனை யூனிட்டுங்கிற கணக்கு முழுக்கப் போயிருக்கும்.

"எஸ்பின் தனியா இருந்தாத்தானே பாதுகாப்பு?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. யார் எதைச் செய்யலாம்ங்கிறதை முடிவு பண்றது அனுமதிகள், ஃபோல்டர் இல்லை. பூட்டாத கதவுல "ஊழியர்கள் மட்டும்"னு போர்டு மாட்டின மாதிரிதான் எஸ்பின்.

/பின்னைத் தனியா வைக்கணும்னு சொன்னவங்களோட வாதத்துக்கு மட்டும் மரியாதை உண்டு. பெரிய டிஸ்க் படுத்தாலும் சின்ன டிஸ்க்ல இருக்கிற கருவிகளை வெச்சு மெஷினைப் பிழைக்க வைக்கலாம்னாங்க. கேஷுவாலிட்டியில அவசர மருந்து ட்ரே தனியா வைக்கிறோமே, அதே நியாயம். ஆனா இப்போ அந்த ட்ரே வேலையை மெஷின் எழும்போது மெமரிக்குள்ள ஏறுற ஒரு குட்டி சிஸ்டம் பாத்துக்குது. ரெண்டாவது ட்ரேக்கு அவசியம் குறைஞ்சு போச்சு.

அதனால 2012-ல ஃபெடோரா 17 எல்லாத்தையும் யுஎஸ்ஆருக்குள்ள கொண்டுபோச்சு. பழைய இடத்துல ஒரு வழிகாட்டி இணைப்பு மட்டும், யார் எந்த வழியில வந்தாலும் ஒரே வீட்டுக்குத்தான் போவாங்க. 2013-ல ஆர்ச் எஸ்பினையும் சேர்த்தே கலந்துடுச்சு. இன்னொரு லாபமும் இருக்கு: சிஸ்டம் மொத்தமும் ஒரே ஃபோல்டர்ல இருந்தா, சீல் வெச்ச மருந்துப் பெட்டி மாதிரி யாரும் எழுத முடியாம பூட்டி வைக்கலாம்.

டெபியன்லதான் ரகளை. நான் அங்க எதிர்த்தவங்க பக்கமும் கொஞ்சம் சாய்வேன். டெபியன்ல பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கிற கருவி டிபிகேஜி. ஒரே ஃபைலை /பின் வழியாவும் /யுஎஸ்ஆர்/பின் வழியாவும் சொன்னா, அது ரெண்டு ஃபைல்னே நினைக்கும். ஒரே நோயாளிக்கு ரெண்டு ஓபி நம்பர் போட்டா என்ன ஆகும்னு ஆஸ்பத்திரியில வேலை பாக்குற யாரையும் கேளுங்க. ஒரு பேக்கேஜ்ல இருந்து இன்னொண்ணுக்கு, கூடவே ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு ஃபைல் மாறும்போது, பழைய பேரை அழிக்கிறேன்னு புது ஃபைலையே அழிக்க வாய்ப்பிருந்துச்சு. "முதல்ல கருவியைச் சரி பண்ணு, அப்புறம் வீட்டை மாத்து"ன்னு சொன்னவங்க சும்மா முரண்டு பிடிக்கலை. 2021-ல தொழில்நுட்பக் குழு கலக்கத்தான் வேணும்னு தீர்ப்பு சொல்லி, 2023-ல வந்த டெபியன் 12-ல அது கட்டாயமாச்சு. அந்த ஓபி நம்பர் சிக்கலைத் தன்னார்வலர்கள் பேக்கேஜ் பேக்கேஜா உக்காந்து சரி பண்ணாங்க. அந்த உழைப்பைப் பத்தி யாரும் இழை போடுறதில்லை.

எஸ்பின் கதை இன்னும் முடியலை. ஃபெடோரா 42 அதையும் 2025-ல பின்னோட சேர்த்துடுச்சு. டெபியன் 13-ல இன்னும் தனியாத்தான் இருக்கு. எங்க ஸ்கிரிப்ட்ல இப்போ கமாண்டோட முழுப் பாதையும் எழுதி வெச்சிருக்கு. தினமும் காலையில ஓபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிஸ்டர் பேக்கப் ஃபைலோட தேதியைப் பாத்து நோட்டுல டிக் போடுறாங்க.