இன்ஜினை அணைத்த பிறகு

2015 செப்டம்பர் 25. புகைமூட்டம் முற்றி, தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் மூடிய வெள்ளிக்கிழமை. தெம்பனிஸ் வீட்டின் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, தொடக்கநிலை இரண்டில் இருந்த மகனைக் கணக்குப் போட உட்கார வைத்தேன். முதலில் வரும் விடையை வைத்து அடுத்த கணக்கைப் போட வேண்டும். அவனோ அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விடையை மறந்துவிட்டான். மூன்றாம் முறையும் மறந்தபோது அவன் கையிலிருந்த அழிப்பானைப் பிடுங்கி எறிந்தேன்.

“புகையில புள்ளைக்குத் தலை வலிக்குதோ என்னமோ, விடுப்பா” என்றார் அம்மா. நான் விடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, பார்சலோனாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அதுவும் 2015இல்தான் வெளியானது. 39 பள்ளிகளில் 7 முதல் 10 வயது வரையிலான 2,715 பிள்ளைகளை ஓராண்டு கவனித்திருக்கிறார்கள். ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் நினைவாற்றல், காற்று சுத்தமாக இருந்த பள்ளிகளில் 11.5 விழுக்காடு வளர்ந்தது. மாசு மிகுந்த பள்ளிகளில் 7.4தான்.

என் மகனின் அன்றைய மறதிக்குப் புகைதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் மறப்பார்கள், அப்பா கத்தினால் இன்னும் மறப்பார்கள். என்னை உறுத்தியது வேறு. அங்கே அளந்தது காட்டுத்தீப் புகையை அல்ல, சாலையில் ஓடும் வாகனங்களின் புகையை.

சுமத்ராவையும் கலிமந்தானையும் திட்டியே நமக்குப் பழகிவிட்டது. அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியில் பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்து முகக்கவசம் மாட்டிக்கொள்ளலாம். வாகனப் புகையின் நுண்துகள் சத்தமில்லாமல் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலக்கிறது. மிக நுண்ணியவை மூக்கின் வாசனை நரம்பு வழியாக மூளைக்கே போகக்கூடும் என்கிறார்கள்.

அப்போது மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர, 20 நிமிடம் முன்னதாகவே போய் நிற்பேன். ஏர்கானுக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்று தெரிந்தேதான். பிள்ளைகள் என் புகைக்குழாயை ஒட்டித்தான் நடந்து போவார்கள்.

அதன்பின் அணைத்துவிடத் தொடங்கினேன். “வேர்க்குதுப்பா” என்பாள் மகள். முன்னால் நிற்கும் வண்டி உறுமிக்கொண்டிருக்கும். கண்ணாடியைத் தட்டிச் சொல்ல இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

மகனிடம் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அண்மையில் கேட்டேன். கணக்கு நினைவில்லையாம். அழிப்பான் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது நினைவிருக்கிறதாம்.