டிராகுலா கரையேறிய ஊர்

பத்துமலையில் 272 படி ஏறிப் பழகிய கால்களுக்கு விட்பி ஊரின் 199 படிகள் பெரிய காரியமில்லை. ஆனால் பத்துமலையின் உச்சியில் முருகன் இருக்கிறான். விட்பியின் உச்சியில் இருப்பவை ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றி உப்புக்காற்றில் எழுத்துத் தேய்ந்துபோன கல்லறைகள், அவற்றுக்கு அப்பால் கூரையில்லாமல் நிற்கும் ஒரு பாழ்மடம். அந்தி சாயும் வேளையில் அங்கே நின்றால், பேய் பிசாசை நம்பாதவர் கூட ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கிறது இந்தச் சிற்றூர். எஸ்க் என்னும் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலில் விழுகிறது. கிழக்குக் குன்றில் தேவாலயமும் மடமும். மேற்குக் குன்றில் விருந்தினர் தங்கும் வீடுகள். நடுவே மீன்பிடித் துறைமுகம். மடம் தோன்றியது கி.பி. 657-ல். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1539-ல் அது மூடப்பட்டது. அதற்குப் பிறகு காற்றும் மழையும்தான் அதன் குடித்தனக்காரர்கள்.

உலகத்தையே அச்சுறுத்திய 'டிராகுலா' என்னும் இரத்தக் காட்டேரி, கதைப்படி இங்கிலாந்தில் முதன்முதலில் கரையேறியது இந்த ஊரில்தான். இரவில் தூக்கத்திலேயே எழுந்து போய்விட்ட தோழியைத் தேடி மீனா என்னும் பெண் மூச்சு வாங்க ஓடி ஏறுவதும் இதே படிகளில்தான். அந்த நாவலை எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அவர் எந்த மாயமந்திரத்தால் அதை எழுதினார் என்று தேடிப் போனால், மாயம் எதுவும் அகப்படாது. அகப்படுவது ஒரு குறிப்புப் புத்தகமும், ஒரு நூல்நிலையமும், ஒரு தாயின் பேச்சும்தான்.

1890-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ஸ்டோக்கர் விட்பிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 42. இலண்டனில் லைசியம் என்னும் பெரிய நாடகக் கொட்டகைக்கு அவர் நிர்வாகி. கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, நடிகர்களின் பயணம் எல்லாம் அவர் தலையில். அக்காலத்தின் தலைசிறந்த நடிகர் ஹென்றி இர்விங்தான் முதலாளி. ஓய்வுக்காக வந்தவர் மேற்குக் குன்றில் ராயல் கிரசென்ட் என்னும் தெருவில் ஆறாம் எண் வீட்டில் அறையெடுத்தார். ஆனால் அவர் ஓய்வெடுக்கவில்லை.

துறைமுகத்துக்குப் போய்க் கிழட்டு மாலுமிகளிடம் பேச்சுக் கொடுத்தார். கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டார். நாவலில் வரும் கிழவர் ஸ்வேல்ஸ் பெயர் அப்படி ஒரு கல்லில் கிடைத்ததுதான். விட்பி மக்களின் கொச்சைப் பேச்சையும் சொல் சொல்லாக எழுதிக்கொண்டார்.

கடற்கரைக் காவலர் ஒருவரிடம் பேசியபோது ஒரு கப்பலின் கதை கிடைத்தது. 1885 அக்டோபரில் வீசிய புயலில் 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் குன்றின் அடியில் உள்ள மணலில் வந்து மோதியது. அது நார்வா என்னும் துறைமுகத்திலிருந்து மணல் பாரம் ஏற்றி வந்த கப்பல். அதிலிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஸ்டோக்கரின் கையில் அது 'டிமீட்டர்' ஆயிற்று. நார்வா 'வார்னா' ஆயிற்று. கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்டு செத்துப்போன கப்பல் தலைவன் மட்டும் மிஞ்சினான். கப்பல் கரையில் மோதியதும் ஒரு பெரிய நாய் தாவிக் குதித்துக் கிழக்குக் குன்றை நோக்கி ஓடி இருளில் மறைந்தது. நடந்த செய்தி பாதி, நடுங்க வைக்கும் கற்பனை பாதி!

துறைமுகத்தை அடுத்து இருந்த நூல்நிலையத்தில் ஒரு நாள் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினார். வில்கின்சன் என்ற ஆங்கிலத் தூதர் ருமேனிய நாட்டுப் பகுதிகளைப் பற்றி எழுதி 1820-ல் வெளிவந்த நூல் அது. அதன் அடிக்குறிப்பு ஒன்றில் 'டிராகுலா' என்ற பெயர் இருந்தது. அந்நாட்டு மொழியில் அதற்குப் 'பிசாசு' என்று பொருள் சொல்லியிருந்தது. அதுவரை தம் கதையின் வில்லனுக்கு 'வாம்பயர் பிரபு' என்று வெறுமனே பெயர் வைத்திருந்தவர், அதை அடித்துவிட்டு 'டிராகுலா' என்று எழுதினார். அந்த ஒரு சொல் கிடைக்காமல் போயிருந்தால் இன்று அந்தக் கதையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், டிராகுலாவின் கோட்டை இருப்பதாக எழுதிய டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. எல்லாம் படித்ததுதான். நாட்டுப்புற நம்பிக்கைகள், ஓநாய் மனிதர் கதைகள், கனவுகளைப் பற்றிய ஆராய்ச்சி, பயண நூல்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தார். இலண்டன் நூல்நிலையத்தில் அவர் பயன்படுத்தியதாகக் கருதப்படும் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை 2018-ல் அடையாளம் கண்டார்கள். ஓரங்களில் பென்சில் கோடுகள், மடித்த பக்கங்கள்! பொதுப் புத்தகத்தில் கோடு போடக்கூடாது என்று பிள்ளைகளைக் கண்டிக்கிற நாம் இதை அவர்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

வாசகர்களே, அவர் படித்ததாகத் தம் கையாலேயே எழுதிவைத்த நூல்களின் பட்டியலில் நம் நாட்டைப் பற்றிய புத்தகம் ஒன்றும் இருக்கிறது. இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கில மாது 1879-ல் மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று சுற்றி, கோலகங்சாருக்கு யானைமேல் போய்வந்து எழுதிய நூல் அது. பெயர் 'பொன் தீபகற்பம்' என்று பொருள்படும்; 1883-ல் வெளிவந்தது. நம் நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகாத காலம். மலாய்க்காரர்களின் நம்பிக்கைகளைச் சொல்லும் இடத்தில், உடம்பை விட்டுப் பிரிந்து இரவில் பறந்து இரத்தம் தேடும் பெனாங்கலானைப் பற்றி அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். டிராகுலாவைப் பெனாங்கலானிலிருந்துதான் உருவாக்கினார் என்று சொல்ல முடியாது. ஆனால் இரத்தக் காட்டேரி எந்தெந்த நாடுகளில் உண்டு என்று நாவலில் வரும் முதிய டாக்டர் கூறும்போது, இந்தியாவையும் சீனாவையும் சொல்லி அந்தத் தீபகற்பத்தின் பெயரையும் சொல்கிறார்.

டிராகுலாவை விரட்ட அந்த டாக்டர் வெள்ளைப் பூண்டைக் கட்டுகிறார். பெனாங்கலானை விரட்டக் கம்பத்து மக்கள் பிள்ளை பெற்ற வீட்டில் முள்ளிலைகளைக் கட்டினார்கள். நம் லயங்களில் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்புத் துண்டும் வாசலில் வேப்பிலையும் வைத்தார்கள். பயம் ஒன்றுதான், தாயும் சிசுவும் பிழைக்க வேண்டுமே என்ற பயம். மருந்தும் மருத்துவச்சியும் எட்டாத இடங்களில் அந்தப் பயம் காட்டேரி உருவம் எடுத்தது.

ஸ்டோக்கரின் உள்ளத்தில் பயத்தை விதைத்தது எது? 1847 நவம்பரில், அயர்லாந்து கொடும் பஞ்சத்தில் கிடந்தபோது, டப்ளின் நகருக்கு அருகே பிறந்தவர் அவர். தந்தை அரசாங்க அலுவலகத்தில் கிராணி. ஏழு வயது வரை எழுந்து நடக்க முடியாத நோயாளிப் பிள்ளை. படுக்கையோடு கிடந்த மகனுக்குத் தாய் சார்லட் கதை சொன்னார். அவை ராஜா ராணிக் கதைகள் அல்ல. 1832-ல் ஸ்லைகோ என்ற தம் சொந்த ஊரில் வாந்திபேதி பரவியபோது சிறுமியாகக் கண்டதும் கேட்டதும். வங்காளத்தில் கிளம்பி நாடு நாடாகப் போன அதே கொள்ளைநோய்! உயிர் இருக்கும்போதே பிணமென்று எண்ணிக் குழிக்குக் கொண்டுபோனார்களாம். பெட்டிக்குள் அடங்காத நெட்டைச் சிப்பாய் ஒருவனின் காலை உடைக்கச் சுத்தியலை ஓங்கி அடித்ததும் அவன் விழித்துக்கொண்டானாம். சாகாத பிணம் என்ற எண்ணம் அந்தப் படுக்கையில்தான் விழுந்திருக்க வேண்டும். மகன் பெரியவனான பிறகும் அதை மறக்கவில்லை. "எழுதிக் கொடுங்கள்" என்று தாயைக் கேட்டான். அவரும் எழுதிக் கொடுத்தார்.

விட்பியில் குறிப்பெடுத்த கதை புத்தகமாக ஏழு ஆண்டு ஆயிற்று. கொட்டகை வேலை போக மிஞ்சிய நேரத்திலும், கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்தின் குரூடன் பே கடற்கரையிலும் எழுதினார். 1897 மே மாதம் நூல் வெளிவந்தது. மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. விலை ஆறு ஷில்லிங். தாய் படித்துவிட்டு மகிழ்ந்து, இதனால் மகனுக்குப் புகழும் பணமும் குவியும் என்று கடிதம் எழுதினார். புகழ் மெல்ல வந்தது. பணம் வரவில்லை. 1905-ல் இர்விங் இறந்தார். ஸ்டோக்கரின் உடம்பும் நோயில் தளர்ந்தது. 1911-ல் எழுத்தாளர் உதவி நிதியிலிருந்து 100 பவுன் பெற்றுக் காலம் தள்ளினார். 1912 ஏப்ரல் 20-ல் கண் மூடினார். மறு ஆண்டு அவருடைய குறிப்புகள் ஏலத்தில் போயின. ஏழு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த விலை இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங்! இன்று அவை அமெரிக்காவில், பிலடெல்பியா நகரின் ரோசன்பாக் காட்சியகத்தில் பூட்டிக் காக்கப்படுகின்றன.

இன்றைய விட்பி அவரால் பிழைக்கிறது. மேற்குக் குன்றில் 1980-ல் அவர் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அக்கரையில் தேவாலயமும் மடமும் கண்ணெதிரே தெரிகின்றன. 2022 மே மாதம், நாவலின் 125-ஆம் ஆண்டு நிறைவுக்கு, மடத்தில் 1,369 பேர் இரத்தக் காட்டேரி வேடமிட்டுக் கூடி உலக சாதனை செய்தார்கள்.

விட்பியில் பாழ்மடம் இருக்கிறது. அதைப் பற்றிய கதையும் இருக்கிறது. நம் பக்கம் எத்தனையோ தோட்டங்களில் லயங்களை இடித்து வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிப் பால்மரம் சீவப் போனவர்கள் கண்ட உருவம், எல்லைக்காவல் முனியாண்டி சாமியின் குதிரைக் குளம்பொலி, மலைக்காய்ச்சலில் ஒரே வாரத்தில் ஒரு லயமே காலியான செய்தி - இவை ஆயாக்களின் வாயில் இருந்தவை. ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஸ்டோக்கர் ஆக வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, சாப்பாடு முடிந்ததும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு ஆயா?" என்று கேட்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஊர்ப் பெயர், ஆள் பெயர், எந்த வருஷம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.