கூரைக்கு முன் தரை

யானைக்குக் கூடம் கட்டினால் எல்லோரும் கூரையைத்தான் படம் பிடிப்பார்கள். சூரிச் உயிரியல் பூங்காவில் 2014இல் திறந்த யானைக் கூடத்தின் கூரை அப்படிப்பட்டது. மூன்றடுக்கு மரப்பலகைகளை அங்கேயே வளைத்து, ஆணியடித்து இணைத்து, 271 திறப்புகளை வெட்டியிருக்கிறார்கள். மரநிழலில் விழுவதுபோல வெயில் துண்டுதுண்டாக உள்ளே இறங்கும். இந்தத் தொழிலில் இருக்கிறவன் அதைப் பார்த்துக் கைகூப்பாமல் இருக்க முடியாது. ஆனாலும் விலங்குகளுக்குக் கட்டடம் வரைகிற நான் முதல் கோட்டைத் தரைக்குத்தான் போடுவேன்.

யானை விரல் நுனியில் நிற்கிற விலங்கு. விரல்களுக்குப் பின்னால் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த திண்டு ஒன்று உண்டு. டன் கணக்கான எடையை அது வாங்கிக்கொள்கிறது. காட்டில் மண்ணிலும் சேற்றிலும் நடந்து நகமும் பாதத்தோலும் தாமாகவே தேயும். ஈரக் கான்கிரீட்டில் வருடக்கணக்காக நின்றால் நகம் வெடிக்கும், சீழ் பிடிக்கும், மூட்டு இறுகும். அடைபட்டு வாழும் யானைகளைப் பெரிதும் முடக்குவது கால் நோயும் மூட்டு நோயும்தான்.

அப்புறம் ஏன் கான்கிரீட் போட்டார்கள்? கழுவ எளிது. ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோ லத்தி போடும், 50 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். கான்கிரீட்டுக்குப் பதில் மணல் என்றதும் நிர்வாகிகள் முகம் சுளிப்பது இதனால்தான். ஆனால் மணலை ஆழமாகக் கொட்டி, அடியில் சரளையும் வடிகுழாயும் வைத்தால் சிறுநீர் கீழே இறங்கிவிடும், மேல்பரப்பு உலர்ந்திருக்கும். லத்தியை மண்வெட்டியால் அள்ளிவிடலாம். மணலை அடிக்கடி கிளறிவிட வேண்டும், கெட்டுப்போன பகுதியை மாற்ற வேண்டும். வேலை கூடத்தான் செய்யும். கால்களுக்காக அதைச் செய்யத்தான் வேண்டும்.

மணலைச் சரிவாகக் குவித்து வைப்பதில் எனக்குத் தனிப் பிரியம். மூட்டு வலி உள்ள கிழட்டு யானை, எழ முடியாமல் போகுமோ என்று சமதரையில் படுக்கவே தயங்கும். மேட்டில் சாய்ந்து படுத்தால் எழுவது சுலபம். நின்றபடியே இரவைக் கழித்த யானை ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினால், அந்தக் கட்டடத்துக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

கோபன்ஹேகன் உயிரியல் பூங்காவில் 1914ஆம் ஆண்டு யானைக் கூடத்துக்குப் பதிலாக ஃபாஸ்டர் கட்டடக்கலை நிறுவனம் கட்டிய கூடம் 2008இல் திறந்தது. அதன் கண்ணாடிக் குவிமாடங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடியிலிருந்து சூடேற்றும் தரை. டென்மார்க் குளிரிலும் அது உலர்ந்திருக்கும், பாதம் கெடாது. கூட்டத்துக்கு ஓரிடம், கொம்பனுக்குத் தனியிடம். கூட்டம் ஒன்றாகவே தூங்கலாம்.

லண்டன் உயிரியல் பூங்காவில் 1965இல் கட்டடக் கலைஞர்கள் ஹியூ காசனும் நெவில் காண்டரும் கட்டிய யானைக் கூடம் இன்றும் பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதன் வரிவரியான கான்கிரீட் சுவர் அழகுதான். ஆனால் யானைகள் 2001இல் அங்கிருந்து விசாலமான விப்ஸ்நேடு உயிரியல் பூங்காவுக்குப் போய்விட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த அறைக்கும் இரண்டு வாசல் வேண்டும். பயந்த யானை வலுத்ததிடம் மூலையில் சிக்கக் கூடாது. கதவுகளை வெளியிலிருந்தே இயக்க வேண்டும். தீவனத்தை உயரத்தில் தொங்கவிட்டால் கழுத்துக்கும் துதிக்கைக்கும் வேலை கிடைக்கும்.

யானைக்குக் கூடம் கட்டப்போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பணம் போதவில்லையென்றால் கூரையில் குறையுங்கள், முகப்பில் குறையுங்கள். மணலில் மட்டும் கைவைக்காதீர்கள்.