சேற்றில் வாழும் சிற்றுயிர்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிச் செல்கின்றது. கோரையும் நாணலும் அடர்ந்த அந்நீர்ப்பரப்பிற்குப் பூநாரை முதலிய பறவைகள் விருந்தினராய் வருகின்றன. அந்நிலத்தின் ஒரு பகுதியிலேயே, பெருங்குடிக்கு அருகில், மாநகரின் குப்பை பல்லாண்டுகளாக மலைபோற் குவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அக்குப்பை மேட்டில் மூண்ட தீ சில நாள்கள் நீடித்தது. அதே ஆண்டிலேதான் பள்ளிக்கரணை, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பெருமையும் சிறுமையும் ஓரிடத்தே கூடி நின்ற ஆண்டு அது.

குப்பை மேடுகளில் மூளும் தீ எளிதில் அணையாமைக்கு ஒரு காரணம், உள்ளே ஊறும் மீத்தேன் என்னும் வாயு. அதனை ஆக்குவன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். சதுப்பு நிலத்துச் சேற்றிலும் அவ்வினத்தனவே வாழ்கின்றன. சேற்றைக் கோலாற் கிளறினால் எழும் குமிழிகளை அவற்றின் மூச்சு எனலாம். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, 1776-ஆம் ஆண்டில் மஜோரே ஏரியில் அக்குமிழிகளைத் திரட்டி, அவ்வாயு எரியும் தன்மையது என்று காட்டினார். 1897-ஆம் ஆண்டில் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், கழிவுத் தொட்டியில் விளைந்த வாயுவைக் கொண்டு விளக்கேற்றினர்.

இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கிப் புளித்திருப்பதை எல்லா இல்லங்களும் அறியும். அதுவும் நுண்ணுயிர்களின் தொழிலே. காற்றுப் புகாத கலத்தில் நிகழும் தொழிலோ நான்கு படிகளை உடையது. முதற் கூட்டம் சோறு, காய்கறி முதலியவற்றைச் சிறு கூறுகளாகச் சிதைக்கும். இரண்டாவது கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும். மூன்றாவது அவற்றிலிருந்து அசெட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் தரும். நான்காவது கூட்டமே மீத்தேனை ஆக்கும். ஒன்றின் எச்சம் மற்றொன்றின் உணவாகும். இறுதிக் கூட்டம் மிக மென்மையானது. ஆக்சிஜன் பட்டால் நலியும். அமிலம் மிகுந்தால் தொழிலை நிறுத்தும். ஆதலின் கலத்திற்கு அளவறிந்தே ஊட்டல் வேண்டும். நகரத்தார் நொந்துகொள்ளும் சென்னை வெயில், 35 பாகை செல்சியசு அளவை விரும்பும் இவ்வுயிர்களுக்கு நல்ல துணையாகின்றது.

பெருங்குடியிலேயே இதற்குச் சான்று உண்டு. அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், கசடு மூடிய கலங்களில் செரிக்கப்பட்டு, அதில் எழும் வாயுவால் மின்சாரம் ஆக்கும் ஏற்பாடு அமைந்தது. தொழிலை அமில நிலையிலேயே நிறுத்தி, வேதிப்பொருள்களைப் பெறுதலும் கூடும். லாக்டிக் அமிலத்திலிருந்து மக்கும் இயல்புடைய பிளாஸ்டிக் செய்யப்படுகின்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் வைஸ்மன் என்னும் அறிஞர், நுண்ணுயிர்களைக் கொண்டு மாப்பொருளிலிருந்து அசெட்டோனை எடுத்தார்.

வானிற் கலந்த மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கலத்தில் அடைபட்ட மீத்தேனோ அடுப்பெரிக்கும். எஞ்சிய சாறும் வயலுக்கு உரமாகும். பகையும் நட்பும் உயிர்களிடத்தில் இல்லை. அவற்றைக் கையாளும் மாந்தரிடத்தில் உள்ளன.

2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல் முதலிய ஊர்கள் இணைந்து ஒரு மாநகராட்சி ஆயின. ஊர் பெருகப் பெருகக் கழிவும் பெருகும். செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் இறுதியில் பள்ளிக்கரணையையே சென்றடைகின்றது. ஆகவே ஏரிக்கரையில் எறியப்படும் குப்பை அவ்விடத்தோடு ஒழிவதன்று. இன்னொரு பெருங்குடி மேடு எழாதிருக்க வேண்டுமாயின், வேலை அடுப்பங்கரையில் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் பையும் கண்ணாடித் துண்டும் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் முழுதும் செரிக்க இயலாது. காய்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் தனியே பிரித்து வைத்தல் ஒரு நொடிப் பணி. அந்நொடியைத் தருவது மனிதர் கடமை. மற்ற உழைப்பைச் சிற்றுயிர்கள் கூலியின்றிச் செய்து முடிக்கும்.